முகம் பார்த்துப் போட்ட முத்திரை

பீர் தெஃப்லா என்ற ஊரில் திஜானியின் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை நேர்க்கோட்டில் தொள்ளாயிரத்து நாற்பது மீட்டர். நடுவில் காட்டாறு. ஆற்றின் மேல் ஒரு பாலம், முக்கால்வாசி. தண்ணீர் ஓடாத நாட்களில் ஜனங்கள் மணலில் இறங்கி ஏறிவிடுவார்கள். தண்ணீர் ஓடினால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பதினேழு கிலோமீட்டர்.

ஜனவரி ஒன்பதாம் தேதி தண்ணீர் ஓடியது. நெஞ்சு வலியில் விழுந்த திஜானியை ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பத்தொரு நிமிடம் ஆனது. முதல் அரை மணி நேரம்தான் முக்கியம் என்றார் டாக்டர். அரை மணிக்குள் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டராலும் சொல்ல முடியாது. இறந்தபோது திஜானிக்கு வயது அறுபத்து நாலு.

முப்பத்து நாலு வருஷம் நகராட்சியில் கையொப்பச் சான்று ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். வீடு விற்றாலும், பழைய மோட்டார் சைக்கிளை விற்றாலும், பிள்ளையை வெளிநாடு அனுப்பச் சம்மதம் கொடுத்தாலும், அந்தக் காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதான் என்று நகராட்சி வட்ட முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். முத்திரை இல்லாத காகிதம் அந்த ஊரில் பொட்டலம் கட்டத்தான் ஆகும். சட்டப்படி கையெழுத்தை ஜன்னலில் நின்று, குமாஸ்தா பார்க்கப் போட வேண்டும். ஊர் வழக்கம் வேறு. வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டு, யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, முத்திரையை மட்டும் வாங்கி வருவார்கள். எல்லா ஊர் குமாஸ்தாக்களும் போட்டுக் கொடுத்தார்கள். திஜானி போடமாட்டார்.

"நிமிருங்க" என்பார். அடையாள அட்டையைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பார். மூன்று விநாடி. தன் சொந்த மச்சானுக்கும் அப்படித்தான். ஊர் அவருக்கு எக்ஸ்ரே என்று பேர் வைத்தது.

முதலிலிருந்தே அப்படி இருந்தவர் அல்ல.

1994இல் லஸ்ஹர் என்று ஒருவன், கூடப் படித்தவன், ஒரு காகிதத்தோடு வந்தான். நாற்பது ஆலிவ் மரங்களை அப்பா மகன் பேருக்கு எழுதிக் கொடுக்கிறார். அடியில் கையெழுத்து. "அப்பாவால எழுந்திரிக்க முடியலடா. படுக்கையிலயே போட்டுக் குடுத்தாரு. நீ அவரைப் பார்க்காதவனா?" என்றான். திஜானி முத்திரை போட்டுக் கொடுத்தார். வாதம் அடித்து அந்தக் கிழவரின் வலது கை நாலு மாதமாக அசையவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. லஸ்ஹருக்கு ஒரு தங்கை, ஹல்லூமா. அவளுக்கு வர வேண்டிய பங்கு போயிற்று. அவள் கேஸ் போட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து நீதிபதி திஜானியைக் கூப்பிட்டுக் கேட்டார். "அவர் உங்க கண் முன்னாலதான் கையெழுத்துப் போட்டாரா?"

திஜானி ஆமாம் என்றார்.

இல்லை என்றிருந்தால் ஜெயில். வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. ஹல்லூமா தோற்றாள். கோர்ட் வராந்தாவில் அவர் செருப்புக்கு முன்னால் துப்பிவிட்டுப் போனாள். இதை அவர் மகள் ரிஹாபிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கதை மாதிரிச் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்ளும்போது சட்டைக் கையைச் சுருட்டுவதுபோல், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

பாலத்துக்கு வருவோம்.

2015இல் அடிக்கல் நாட்டினார்கள். நீளம் எண்பத்து நாலு மீட்டர், செலவு நாற்பத்திரண்டு லட்சம் தினார், பதினாலு மாதத்தில் முடியும் என்று பலகை வைத்தார்கள். பலகை துருப்பிடித்தது. ஒப்பந்தத்துக்கு மேல் கூடுதல் ஒப்பந்தம் என்று நாலு போட்டார்கள். 2021இல் ஐந்தாவது வந்தது. அதையும் சேர்த்தால் மொத்தம் ஒரு கோடியே பதின்மூன்று லட்சம். நீளம் அதே எண்பத்து நாலு மீட்டர். ஒரு மீட்டர் ஐம்பதாயிரத்தில் தொடங்கி ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்துக்கு வந்திருந்தது. ஐந்தாவது ஒப்பந்தம் மட்டும் பத்தொன்பது லட்சம். தூண்களுக்கு அடியில் பாறை இருந்ததாம். அதை உடைத்த கூலியாம்.

ஹல்லூமா ஆற்றங்கரையில் கொண்டைக்கடலை சூப் கடை வைத்திருந்தாள். பாலத்து வேலைக்கென்று அடித்த தகரவேலி ஆறு வருஷமாக அவள் கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் தூணிலிருந்து அறுபது மீட்டரில் அவள் கிணறு. தோண்டும்போது கூட நின்றவள். பதினொரு மீட்டர்வரை மணலும் களிமண்ணும்தான். நகராட்சிப் பொதுக்கூட்டத்தில் ஒரு வாளி மணலைக் கொண்டு போய்த் தலைவரின் மேஜைமேல் கொட்டினாள்.

"இந்தா, உங்க பாறை. உடைச்சுக் காட்டுங்க பார்ப்போம்."

"அம்மா, இது டெக்னிகல் விஷயம். நீங்க சூப் விக்கிறவங்க" என்றார் தலைவர்.

"சூப்புல கல்லு கிடந்தா எனக்குத்தான்யா மொதல்ல தெரியும்."

கூட்டம் சிரித்தது. தலைவர் மைக்கை அணைத்தார். அடுத்த வாரம் கடையில் சுகாதாரச் சோதனை. மூன்று நாள் பூட்டு.

பாலத்துக் கணக்கைக் கேட்டு முன்னே ஒரு தடவை ஊர் மனு எழுதியிருந்தது. அதில் பாதிப் பேர் செத்தவர்கள், மீதிப் பேர் பொய்ப் பேர்கள் என்று நகராட்சி பதில் எழுதித் தட்டிவிட்டது. அதனால் இந்தத் தடவை மனு எழுதிய வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் நகராட்சி முத்திரை வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு நகராட்சிக் கூட்டம். அதில் கடைசிப் பட்டுவாடாவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாக எழுதிவிடுவார்கள், அப்புறம் காண்ட்ராக்டரைக் கேட்க நாதியில்லை. அதற்குமுன் மாகாணத் தலைநகரில் தணிக்கை நீதிமன்றத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் பட்டுவாடா நிற்கும்.

நகராட்சிமேல் புகார் கொடுக்க நகராட்சியிடமே போய் முத்திரை கேட்டு நிற்க வேண்டும். யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவர்களே பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஊருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனாலும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். முடிவெட்டும் கடையிலும், காபிக்கடையிலும், ஒரு கல்யாண வீட்டிலும், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வாசலிலும். ஊர் வழக்கப்படி, கையெழுத்து முதலில், முத்திரை பிறகு.

திங்கட்கிழமை காலை ஹல்லூமா மனுத் தாள்களின் கட்டை ஜன்னலுக்குள் தள்ளினாள். இருபத்தைந்து வருஷமாக அவள் அந்த ஜன்னலுக்கு வந்ததில்லை. காகிதம் எது இருந்தாலும் பக்கத்து ஊருக்குப் போவாள்.

திஜானி முதல் தாளைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கட்டைத் திருப்பித் தள்ளினார்.

"இதுல போட முடியாது."

"ஏன்?"

"எல்லாம் போட்ட கையெழுத்து. நான் பார்க்கப் போடணும். ஒவ்வொருத்தரும் வரணும்."

ஹல்லூமாவுக்குப் பின்னால் இருந்த கறிக்கடைக்காரன் கத்தினான். "முந்நூறு பேரும் வரணுமா? ஏன் எக்ஸ்ரே, எங்க குடலையும் பார்க்கணுமா?"

"அட்டையோட வரணும்" என்றார் திஜானி.

ஹல்லூமா கத்தவில்லை. ஜன்னலுக்குள் குனிந்தாள். "என் அண்ணனுக்கு முகம் பார்க்காமப் போட்டே. படுத்த படுக்கையா கிடந்த ஆளு கையெழுத்துக்குப் போட்டே. ஊருன்னு வந்தா உனக்குச் சட்டம் ஞாபகம் வருதா? எவ்வளவு குடுத்தான் தலைவன்?"

வரிசையில் நின்ற யாரோ நாய் மாதிரிக் குரைத்துக் காட்டினார்கள். சிரிப்பு. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதினோரு மணிக்கு நகராட்சிச் செயலாளர் ரவூஃப் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். தன் கையால் டீ ஊற்றி, மேலே பாதாம் பருப்பும் தூவினார். முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த அறையில் திஜானிக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.

"வாசல்ல ஏதோ சத்தமாமே?"

"மனு சார். முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்காங்க. முடியாதுன்னுட்டேன்."

"அட, போட்டுக் குடுத்துடுங்க. நம்ம ஊரு ஜனம்தானே, பாவம். பத்து நிமிஷ வேலை. நாம என்ன ஒளிக்கவா போறோம்?"

திஜானி டீயைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். இதே செயலாளர்தான் சூப் கடைக்குப் பூட்டுப் போட ஆள் அனுப்பியவர். இன்றைக்குப் பாவம் என்கிறார். திஜானிக்கு மெதுவாகத்தான் புரியும், ஆனால் முழுசாகப் புரியும். முத்திரை விழட்டும் என்று காத்திருக்கிறார்கள். விழுந்த பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு, எங்கே போட்டாய் கையெழுத்தை என்று கேட்டால் போதும். முடிவெட்டும் கடையில் என்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு முத்திரையும் பொய் முத்திரை ஆகிவிடும். மனு குப்பைக்குப் போகும். திஜானி ஜெயிலுக்குப் போவார். ஹல்லூமாவுக்கு இரண்டாவது தடவை அதே முத்திரையால் அதே அடி.

"முடியாது சார்" என்றார்.

செயலாளர் டீக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பென்ஷனுக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசம் ரொம்ப நீளம், திஜானி. நாளைக்கு ஜன்னல்ல பெயின்ட் அடிக்கிற வேலை வரலாம்."

"ஜன்னலை மூடணும்னா மூணு நாள் முன்னாடி வாசல்ல நோட்டீஸ் ஒட்டணும் சார். இன்னைக்கு ஒட்டினா வெள்ளிக்கிழமை அடிச்சுக்கலாம்."

"போங்க வெளியே."

அன்று சாயங்காலம் அவர் மகளுக்குப் போன் செய்தார். ரிஹாப் தலைநகரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள்.

"காட்டாத்து மணலுக்குள்ள பாறை இருக்குமா?"

"எத்தனை மீட்டர்லப்பா?"

"பதினொண்ணுக்குள்ள."

"துளை போட்டுப் பார்த்த அறிக்கை இருக்கா?"

"இல்ல. ஒரு பொம்பளையோட கிணறு இருக்கு."

"கிணறு போதாதுப்பா."

"ஊர்ல அதுதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு மணலில் இறங்கி, முடியாத பாலத்துக்கு அடியில் நடந்து, அக்கரை ஏறி, ஹல்லூமாவின் கடைக்குப் போனார். ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு மூலையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் கேட்டார். ரொட்டித் துண்டைப் பிய்த்துப் போட்டு, மேலே கொதிக்கும் சூப்பை ஊற்றி, கொஞ்சம் சிந்தும்படியே அவள் கொண்டுவந்து வைத்தாள். மிளகாய் விழுது போடவில்லை. சீரகமும் போடவில்லை. வேண்டாதவனுக்குப் போடுகிற கிண்ணம்.

"நாளைக்கும் நாளான்னைக்கும் ரெண்டு நாள் இருக்கு" என்றார் திஜானி. "ஆளுக்கு மூணு நிமிஷம். எட்டரைக்குத் திறப்பேன், அஞ்சரைக்கு மூடுவேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க. புதுத் தாள்ல, என் முன்னாடி போடட்டும்."

"செயலாளர் டீ குடுத்தாராமே. ஊரே பேசுது."

"குடுத்தார். பழைய கட்டுல போட்டுக் குடுன்னார்."

ஹல்லூமாவின் கை நின்றது. கறிக்கடைக்காரன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "போடச் சொன்னாரா? அவரா?"

"அதுக்குத்தான் போடலை."

ஹல்லூமா அடுப்பைத் தணித்தாள்.

"இதை ஏன் காலையில சொல்லலை?" என்றாள் ஹல்லூமா.

"காலையில எனக்கே தெரியாது."

"தெரியாமத்தான் என்னை அவ்வளவு பேர் முன்னாடி திருப்பி அனுப்பினியா?"

"அன்னைக்குக் கோர்ட்டுல கேட்டாங்க, பொய் சொன்னேன்" என்றார் திஜானி. மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். "இதுக்கும் ஒருநாள் கேப்பாங்க. இந்தத் தடவை நான் பொய் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது."

இருபத்தைந்து வருஷம் அவள் கேட்க நினைத்த சொல் அது. கேட்டுவிட்டாள். முகத்தில் ஒன்றும் இளகவில்லை. துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள், அவர் கை இருந்த இடத்தைச் சுற்றி.

"சாப்பிட்டதுக்குக் காசு வச்சிட்டுப் போ."

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே வரிசை தபால் நிலையம்வரை நின்றது. திஜானியின் நாற்காலியைக் காணோம். செயலாளர் அறையில் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றார்கள். அவர் நின்றார். ஒன்பதரைக்கு மின்சாரம் போனது, அவர் அறையில் மட்டும். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தோதாகப் பதிவேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். தலைவரின் ஆட்கள் நாலைந்து பேர் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு வருகிறவர்களின் பேரைச் சத்தமாகப் படித்தார்கள்.

"ஓ, பஷீரா! மருமகன் நகராட்சி லாரி ஓட்றான்ல? ஓட்டட்டும், ஓட்டட்டும்."

பஷீர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிச் சொன்னான். "லாரியில டீசல் திருடறது யாருன்னு மருமகன் சொல்லியிருக்கான்டா. அடுத்த மனு அதுதான்."

"நிமிருங்க" என்றார் திஜானி அடுத்தவரிடம்.

"போன வாரம் உங்க வீட்டுக் கல்யாணத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேனே அண்ணே!"

"நிமிருங்க."

ஒருவன் மனைவிக்கும் சேர்த்துத் தானே போடுவதாகச் சொன்னான். அவளுக்குக் காலில் வலியாம். "அவங்க முகம் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டார் திஜானி. வரிசை சிரித்தது. அவள் மத்தியானம் நொண்டிக்கொண்டே வந்தாள், புருஷனைத் திட்டிக்கொண்டே. எண்பத்தெட்டு வயது ஹாஜியாரை நாற்காலியோடு தூக்கி மணலைக் கடந்து கொண்டுவந்தார்கள். அட்டைப் படத்தில் அவருக்குத் தாடி கறுப்பு. திஜானி மூன்று விநாடி பார்த்தார். "என்னடா பார்க்கறே, நான் செத்துட்டேன்னு எழுதினவன் உன் தலைவன்தானே, தொட்டுப் பாரு" என்றார் ஹாஜியார்.

கறிக்கடைக்காரன் கையெழுத்துப் போட்ட பிறகும் நகரவில்லை. "எல்லாரும் போடறோம். உன் கையெழுத்து எங்க எக்ஸ்ரே? கை சுளுக்கா?"

எதிர்ச் சுவரிலும் சிரித்தார்கள், வரிசையிலும் சிரித்தார்கள். திஜானி முத்திரையை மையில் அழுத்தினார். தன் கையெழுத்துக்குத் தானே சான்று போட எந்தக் குமாஸ்தாவுக்கும் அதிகாரம் இல்லை. அந்த ஊரில் அந்த ஜன்னலில் கையெழுத்துப் போட முடியாத ஒரே ஆள் அவர்தான். இதை அவர் யாருக்கும் விளக்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் தொள்ளாயிரத்து முப்பத்தாறு நிமிடம். மத்தியான இடைவேளை போக இரண்டு நாளில் ஜன்னல் திறந்திருந்தது தொள்ளாயிரத்து அறுபது நிமிடம். ரிஹாப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் குடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார். உட்கார ஒதுக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் இருநூற்று எண்பத்தேழு பேர் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. சிலருக்குப் பயம், சிலருக்கு நகராட்சியில் வேலை கேட்டுக் கொடுத்த விண்ணப்பம். ஐந்து இருபத்தெட்டுக்கு ஜன்னலில் ஒரே ஒரு ஆள் பாக்கி. ஊரையே முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஹல்லூமா.

அட்டையை வைத்தாள். கையெழுத்துப் போட்டாள். திஜானி குனிந்து எண்ணை எழுதினார். இரண்டு நாளில் இருநூற்று எண்பத்தேழு தடவை சொன்ன சொல் அவருக்கு வாயில் வரவில்லை.

"சொல்லு" என்றாள் அவள். "எனக்கு மட்டும் சலுகையா?"

"நிமிருங்க" என்றார்.

அவள் ஏற்கெனவே நிமிர்ந்துதான் நின்றாள். அவர்தான் நிமிர வேண்டியிருந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"நல்லாப் பாரு" என்றாள் ஹல்லூமா. "எனக்கு அப்பா ஜாடை. அன்னைக்குப் பார்க்க வேண்டிய முகம் இதுதான். இப்பப் பாத்துக்கோ."

மூன்று விநாடிக்கு மேல் ஆனது. எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. முத்திரை விழுந்தது. இருநூற்று எண்பத்தெட்டு.

அவள் கட்டை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லாமல் போனாள்.

மறுநாள் காலை திஜானி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். வாழ்நாளில் ஏழாவது லீவு. ஷேர் டாக்ஸியில் பக்கத்து ஊருக்குப் போய், அந்த ஊர் நகராட்சி ஜன்னலில் முதல் ஆளாக நின்றார். குமாஸ்தா அவரை ஏறிட்டுப் பார்க்காமலே முத்திரையைத் தூக்கினான். "என் முகத்தைப் பாருய்யா மொதல்ல" என்று அவனிடம் சண்டை போட்டு, பார்க்க வைத்து, போட வைத்தார். அங்கிருந்து மாகாணத் தலைநகர். நீதிமன்ற வாசலில் வக்கீலைப் பிடித்துத் தாளைக் கொடுத்துவிட்டு, அவர் பேர் கேட்பதற்குள் திரும்பிவிட்டார். ஒன்பது நாற்பதுக்கு மனுவுக்கு ரசீது கிடைத்தது. பத்து மணிக் கூட்டம் பத்தே காலுக்குக் கலைந்தது. பட்டுவாடா நின்றது.

ஆறு மாதம் கழித்து விசாரணை. திஜானி எதிர்பார்த்த கேள்வியைத்தான் நகராட்சி வக்கீல் முதலில் கேட்டார். பதினேழு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, எங்கே போட்டீர்கள் கையெழுத்தை என்றார்.

"ஜன்னல்ல. வேற எங்க?" என்றான் கறிக்கடைக்காரன். "நிமிரு நிமிருன்னு அந்த ஆளு என் உசிரை எடுத்துட்டான்."

பதினேழு பேரும் அதையேதான் சொன்னார்கள். திஜானியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். "உங்க கண் முன்னாலதான் போட்டாங்களா?"

"ஆமா" என்றார். இதே சொல்லை இன்னொரு நீதிபதியிடம் சொல்லியிருக்கிறார். பின் பெஞ்சில் ஹல்லூமா உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் விடவில்லை. கடைசித் தாளில் வேறு ஊர் முத்திரை இருக்கிறதே, இது யார் என்றார். நீதிபதி பேரைப் படித்தார். இருநூற்று எண்பத்தொன்பதாவது கையெழுத்து திஜானியுடையது. ஹல்லூமா அப்போதுதான் அதைத் தெரிந்துகொண்டாள். வெளியே வந்ததும் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். "பக்கத்து ஊருக்குப் போய் ஒளிஞ்சு போட்டிருக்கான் பாரு, கோழை."

ஆனால் அன்றிலிருந்து அவர் கடைக்கு வந்தால் சூப்பில் சீரகம் போட்டாள். மிளகாய் விழுது போடவில்லை.

நீதிமன்றம் அனுப்பிய ஆட்கள் மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் துளை போட்டார்கள். பன்னிரண்டு மீட்டர். மணல், களிமண், மறுபடி மணல். பாறை இல்லை. அறிக்கையின் நகலை ரிஹாப் வாங்கிப் படித்தாள். கிணறு போதும் என்று அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள்.

செயலாளர்மேலும் காண்ட்ராக்டர்மேலும் வழக்குப் பதிவானது. வழக்கு நடக்கிறது. இன்னும் நடக்கிறது. வழக்கு முடியும்வரை வேலைக்குத் தடை. கடைசி இருபது மீட்டருக்குத் தளம் விழவில்லை. கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு துருப்பிடித்தன.

ஒரு மழைக்காலம் பொறுத்த ஊர் இரண்டாவது மழைக்காலத்தில் ஹல்லூமாமேலும் திஜானிமேலும் திரும்பியது. திருடினாலும் பாலத்தைக் கட்டியிருப்பான் என்று பேச ஆரம்பித்தார்கள். சூப் கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. எறிந்தவன் பேர் மனுவில் நூற்றுச் சொச்சமாவது இடத்தில் இருந்தது. திஜானி ஓய்வு பெற்ற நாளில் ஒரு கேக்கும் வெட்டவில்லை. ஒரு காகிதம் குறைகிறது என்று பென்ஷனை ஒன்பது மாதம் நிறுத்தி வைத்தார்கள். கடைத்தெருவில் அவர் போனால், "பாலத்தை சீல் வச்ச ஆளு போறாரு" என்றார்கள். அவர் கேட்டபடியே போவார். வீட்டுக்கு வந்து ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

அடக்கத்தன்று அவரைத் தண்ணீர் வடியாத ஆற்றைச் சுற்றிப் பதினேழு கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். கபரஸ்தான் அக்கரையில். மண் தள்ளும்போது பின்னால் யாரோ, "நிறுத்தினவருக்கே பாலம் இல்லாமப் போச்சு" என்றான். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். அடக்கத்துக்குப் போயிருந்த தம்பி வீட்டுக்கு வந்து அதை ரிஹாபிடம் சொன்னான். அவள் பேர் கேட்டாள். அவன் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ரிஹாப் நகராட்சிக்குப் போனாள். அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் வர வேண்டும். ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அதே ஜன்னல். நாற்காலி புதிது. உள்ளே புதுக் குமாஸ்தா போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கி, கையெழுத்து இல்லாத வெற்றுக் கோட்டுக்குப் பக்கத்தில் முத்திரையை அடித்து, நீட்டினான்.

"கையெழுத்தை வீட்ல போய் நிதானமாப் போட்டுக்கங்க மேடம்."

ரிஹாப் காகிதத்தை வாங்கிக்கொண்டு நின்றாள்.

வரிசையில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அந்தக் காகிதத்தைப் பிடுங்கியது. ஹல்லூமா. விரலில் சீரக வாசனை. காகிதத்தை இரண்டாகக் கிழித்து ஜன்னலுக்குள் போட்டாள்.

"புதுத் தாள் எடு" என்றாள் குமாஸ்தாவிடம்.

"யாரும்மா நீங்க? எதுக்குக் கிழிக்கிறீங்க?"

"போனைக் கீழ வை. இந்தப் பொண்ணு உன் முன்னாடி கையெழுத்துப் போடும். அட்டையை வாங்கு. அவ முகத்தைப் பாரு. அப்புறம் சீல் போடு." பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்தாள். "இவங்கப்பன் எனக்கு நாற்பது மரத்துல என் பங்கு பாக்கி. அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கு. ஆனா இந்த ஜன்னல்ல உக்காந்தா எப்படி உக்காரணும்னு அவன்கிட்டதான் கத்துக்கணும்."

குமாஸ்தா போனைக் கவிழ்த்து வைத்தான். புதுத் தாளை எடுத்தான். ரிஹாப் கையெழுத்துப் போட்டாள்.

"நிமிருங்க" என்றான் அவன்.